உயரம் கேட்கும் சட்டம், ஆளெண்ணிக்கை கேட்காத சட்டம்: ராணுவ விமான விபத்துகளும் ஆவடி வட்டாரத்தின் நிலப் பயன்பாடும்

2010 மார்ச் 3ஆம் தேதி ஹைதராபாத்தின் பேகம்பேட்டை விமான நிலையத்தில் இந்திய விமானத் துறைக் கண்காட்சி தொடங்கியது. அன்று கடற்படையின் ‘சாகர் பவன்’ சாகசக் குழுவைச் சேர்ந்த கிரண் மார்க்-2 ஜெட் ஒன்று, கீழ்நோக்கிப் பாய்ந்த பின் மேலெழ முடியாமல் நியூ போயின்பள்ளியில் ஒரு மாடிக் கட்டடத்தின்மேல் விழுந்தது. விமானிகள் கமாண்டர் சுரேஷ் மௌர்யாவும் லெப்டினென்ட் கமாண்டர் ராகுல் நாயரும் உயிரிழந்தார்கள். தரையில் இருந்தவர்களில் சிலர் காயமடைந்தார்கள். பேகம்பேட்டையிலிருந்து பயணிகள் விமானங்கள் 2008 மார்ச்சிலேயே சம்சாபாத்துக்கு மாறிவிட்டன. பயணிகள் போக்குவரத்துக்கு நகரத்தின் நடுவிலிருந்த நிலையம் இனிப் போதாது என்று முடிவான இரண்டே ஆண்டுகளில், அதைவிட ஆபத்தான சாகசப் பறத்தல் அதே வீடுகளின் தலைக்கு மேல் நடந்தது.

இத்தகைய விபத்துகள் எந்திரக் கோளாறு, விமானியின் பிழை என்ற இரண்டு தலைப்புகளிலேயே பேசப்படுகின்றன. விழுந்த இடத்தில் ஏன் அத்தனை பேர் இருந்தார்கள் என்பது விசாரணையின் கேள்வியாகவே எழுவதில்லை. நம் சட்டங்கள் கட்டடத்திடமிருந்து விமானத்தைக் காக்கின்றன. விமானத்திடமிருந்து கட்டடத்தில் இருப்பவர்களைக் காக்க அவற்றில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இதை நிறுவ ஆவடியும் அதைச் சுற்றியுள்ள சென்னையின் மேற்குப் புறநகரும் பொருத்தமான களம் என்பது என் வாதம்.

முதலில் சட்டம். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம் 9ஏ பிரிவில், விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் கட்டடம் எழுப்புவதையும் மரம் வளர்ப்பதையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தந்தது. அதற்கு மாற்றாக 2024ஆம் ஆண்டின் பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நடைமுறையை வகுப்பவை 2015ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள். கட்டட உரிமையாளர் மனையின் அமைவிடத்தையும் கடல்மட்டத்திலிருந்து அதன் உயரத்தையும் தந்து தடையின்மைச் சான்று கேட்கிறார். கட்டடத்தின் உச்சி எத்தனை மீட்டர் என்பதே அங்கே கேள்வி. உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், அது பள்ளியா கிடங்கா, எத்தனை படிக்கட்டுகள் வழியே வெளியேறலாம் என்று அந்தச் சான்று கேட்பதில்லை. 1903ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டமோ ராணுவ இடங்களின் பாதுகாப்பைக் கருதியது. அண்டை வீட்டார் அதில் பாதுகாக்கப்பட வேண்டியவர்களாக அல்ல, விலக்கி வைக்கப்பட வேண்டியவர்களாகவே வருகிறார்கள்.

இப்போது ஆவடி. பிரிட்டிஷ் காலத்திலேயே படை முகாமாக வளர்ந்த ஊர். கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம் எல்லாம் இங்கே உண்டு. வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை, மேற்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி, தெற்கே மீனம்பாக்கம், அதையும் தாண்டி விமானப்படைப் பயிற்றுநர் பள்ளி இயங்கும் தாம்பரம். மீனம்பாக்கத்திலிருந்து ஆவடி நேர்க்கோட்டில் சுமார் 16 கிலோமீட்டர், பூந்தமல்லி சுமார் 10 கிலோமீட்டர். சட்டம் சொல்லும் 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அம்பத்தூர் உட்பட மூன்றும் வந்துவிடுகின்றன. பட்டாபிராமில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பூங்கா அந்த வட்டத்தின் விளிம்பில் நிற்கிறது.

உயரக் கண்ணோட்டத்தில் பார்த்தால் டைடல் பூங்காவே கவனத்துக்குரிய கட்டடம். தரையில் இருப்பவரின் உயிர்க் கண்ணோட்டத்தில் அது அவ்வளவு முக்கியமல்ல. ஓடுபாதையிலிருந்து அது வெகுதூரம். உண்மையில் கவலைப்பட வேண்டியது மீனம்பாக்கத்தின் இரண்டாவது ஓடுபாதை வடமேற்கே நீளும் கோட்டைப் பற்றித்தான். கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் வழியாக மாங்காட்டுப் பக்கம் போகும் அந்தக் கோட்டின் கீழ் தரைத்தளமும் இரண்டு மாடியுமாகப் பள்ளிகளும் திருமண மண்டபங்களும் எழும்பலாம். அனுமதித்த உயரத்துக்குள் இருந்தால் விமானத் துறைக்கு அவற்றோடு வேலை முடிந்தது. ஒரு பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள் என்ற செய்தி சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கும். ஓடுபாதை எந்தத் திசையில் நீள்கிறது என்ற செய்தி விமான நிலையங்கள் ஆணையத்திடம் இருக்கும். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை.

இந்தப் பிளவின் விலையை டாக்கா கொடுத்தது. 2025 ஜூலை 21 அன்று குர்மிடோலா தளத்திலிருந்து கிளம்பிய பங்களாதேஷ் விமானப்படையின் எஃப்-7 பயிற்சி ஜெட், உத்தரா பகுதியில் மைல்ஸ்டோன் பள்ளிக் கட்டடத்தில் மோதியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிள்ளைகள். பள்ளி ஓடுபாதையின் வடமேற்கு நீட்சிக்கு அருகே இருந்தது. விசாரணைக் குழு விமானியின் பிழையைச் சொன்னதோடு, கட்டடம் விதிப்படி இல்லை, போதிய படிக்கட்டுகள் இல்லை என்றும் சொன்னது. தொடக்கநிலைப் பயிற்சிப் பறத்தலை டாக்காவுக்கு வெளியே நடத்த வேண்டும் என்றது. ஒரு ராணுவ விமான விபத்தின் அறிக்கை படிக்கட்டு எண்ணிக்கை வரை இறங்கிவந்ததை நான் மிக முக்கியமான முன்னேற்றமாகக் கருதுகிறேன்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973 முதல் தன் விமானத் தளங்களைச் சுற்றி நிலப் பயன்பாட்டு மண்டலங்களை வகுக்கிறது. ஓடுபாதை முனையிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் வெற்றிடம். அதன்பின் இரண்டு விபத்து வாய்ப்பு மண்டலங்கள். மொத்தம் சுமார் நாலரை கிலோமீட்டர். அவற்றில் கிடங்கும் வேளாண்மையும் இருக்கலாம், பள்ளியும் மருத்துவமனையும் கூடாது என்பது பரிந்துரை. பிரிட்டன் தன் பொதுமக்கள் பாதுகாப்பு மண்டலங்களை, அங்கே வசிக்கும் ஒருவர் ஓராண்டில் விமான விபத்தால் இறக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு 2021 வரை வரைந்துவந்தது.

ஆனால் மண்டலம் வரைவதே தீர்வு என்றும் சொல்லிவிட முடியாது. 2002 மே 3 அன்று ஜலந்தரில் மிக்-21 ஒன்று பேங்க் ஆஃப் ராஜஸ்தான் கிளைமீது விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். விமானி பாராசூட்டில் தப்பினார். ஆதம்பூர் தளத்திலிருந்து அவ்வளவு தள்ளியிருந்த வங்கியை எந்த மண்டலமும் காத்திருக்காது. போயின்பள்ளியும் பேகம்பேட்டை ஓடுபாதையின் முனைக்கு நேராக இல்லை, பக்கவாட்டில் இருந்தது. 1987 அக்டோபர் 20 அன்று இண்டியானாபொலிஸ் விமான நிலையத்துக்கு அருகே எஞ்சின் அணைந்த ஏ-7 போர் விமானம் ஓட்டலில் மோதி ஒன்பது ஊழியர்கள் உடனே இறந்ததோ, தரையிறங்க முயலும்போது நேர்ந்தது. ஆக, ஏறுதல் இறங்குதலில் நேரும் விபத்துக்கு நில மண்டலம் மருந்து. சாகசத்துக்கும் பயிற்சிக்கும் எந்த வானத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே கேள்வி. 2025 நவம்பர் 14 அன்று தாம்பரத்துப் பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்தது; விமானி தப்பினார், தரையில் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அது ஜெட் அல்ல, பிலாட்டஸ் விமானம். ஆனாலும் பயிற்சிக்கான வானம் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அது போதிய எச்சரிக்கை.

மண்டலத்துக்கு எதிராக ஒரு கனமான மறுப்பு உண்டு. மேற்குப் புறநகரில் அரை கிரவுண்டு மனையைக் கடன் வாங்கி வாங்கியவர்கள் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் ஓய்வுபெற்ற படைவீரர்களும். கோடு போட்டுக் கட்டாதே என்றால் இழப்பு அவர்களுக்கே. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அதனாலேயே குடியிருப்பைத் தடுக்கும் மண்டலத்தை நான் கேட்கவில்லை. பிரிட்டன் இருப்பதை இடிப்பதைப் பெரும்பாலும் தவிர்த்து, புதிதாகக் கூட்டம் சேருவதைத்தான் தடுக்கிறது. நமக்கும் அது போதும்: ஓடுபாதை முனைகளின் நேர்க்கோட்டில் புதிய பள்ளி, மருத்துவமனை, திருமண மண்டபம் வேண்டாம்; ஏற்கெனவே இருப்பவற்றுக்குக் கூடுதல் வெளியேறும் வழிகளை அரசுச் செலவில் அமைக்க வேண்டும். தயாராகிவரும் சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் இதைச் சேர்க்கத் தனிச் சட்டம்கூடத் தேவையில்லை.

மற்றொரு தடை நம் மனத்தில் இருக்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும், மக்கள் நெருக்கமான இடத்தைத் தவிர்க்க விமானி கடைசிவரை போராடினார் என்று படைகள் அறிவிக்கின்றன. டாக்காவிலும் அப்படியே அறிவித்தார்கள். அந்தப் போராட்டத்தை நான் ஐயுறவில்லை, அதற்குத் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு பள்ளியின் பாதுகாப்பு, செயலிழந்த விமானத்தில் ஓர் இளைஞருக்குக் கிடைக்கும் சில நொடிகளை நம்பியிருக்கிறது என்றால், அந்தச் சுமையை அவர் தோளில் ஏற்றியவர்கள் நிலத்தைத் திட்டமிட்டவர்கள்தான்.

பொறுப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தரையில் இருப்போருக்கு வெளிநாட்டு விமானத்தால் விளையும் சேதம் பற்றிய 1952ஆம் ஆண்டு ரோம் உடன்படிக்கை ராணுவ விமானங்களை விலக்கி வைத்தது. நம் 1934ஆம் ஆண்டுச் சட்டமும் முப்படைகளின் விமானங்களுக்குப் பொருந்தாது என்றே சொன்னது. பயணிகள் விமானம் விழுந்தால் விமான விபத்துப் புலனாய்வு வாரியம் அறிக்கை வெளியிடுகிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் மருத்துவ மாணவர் விடுதிமீது ஏர் இந்தியா விமானம் விழுந்த ஒரு மாதத்திலேயே முதல்நிலை அறிக்கை வந்தது. படை விமானம் விழுந்தால் ‘கோர்ட் ஆஃப் என்கொயரி’ நடக்கிறது; அதன் அறிக்கை பொதுமக்களுக்கு வருவதில்லை.

2017 முதல் 2022 வரை இந்திய விமானப்படையில் 34 விபத்துகள் நேர்ந்தன என்பதும், அவற்றில் 19 மனிதப் பிழையால் நேர்ந்தவை என்பதும் நாடாளுமன்றப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கையால் தெரியவந்தன. குன்னூர் காட்டேரி அருகே ஜெனரல் பிபின் ராவத்தின் ஹெலிகாப்டர் விழுந்ததும் அதில் அடங்கும். நகரத் திட்டமிடுபவருக்குத் தேவைப்படுவது வேறு வகைத் தகவல்: எந்த ஓடுபாதையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் தொலைவில், எந்தத் திசையில், ஏறும்போதா இறங்கும்போதா பயிற்சியின்போதா விழுந்தது, தரையில் என்ன இருந்தது என்பவை. இவற்றில் எதுவும் போர் ரகசியம் அல்ல. விழுந்த இடத்தை ஊரே பார்த்திருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளின் விபத்து இடங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ஒரே வரைபடமாக வெளியிட்டால், ஆவடி மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவு தன் எல்லைக்குள் எந்தத் தெருவில் பள்ளிக்கு அனுமதி தரலாம் என்பதைச் சான்றோடு முடிவுசெய்ய முடியும்.