ஆண்டாள் பற்றிய ஒரு வரி: சிம்லாவிலிருந்து ராஜபாளையம் வரை

2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து வாசித்த ‘தமிழை ஆண்டாள்’ கட்டுரை மறுநாள் தினமணியில் வெளிவந்தது. அதன்பின் எழுந்த கிளர்ச்சியைப் பற்றி எழுதிய பெரும்பாலோர் அதை நம்பிக்கைக்கும் கருத்துரிமைக்கும் நடந்த மோதலாகவே கண்டனர். இக்கட்டுரை அதை வேறொரு வரலாற்றில் வைத்துப் பார்க்கிறது. அச்சேறிய ஆய்வுக் கூற்று ஒன்று ஐயத்துக்குள்ளானால் அதை யார், எங்கே, எந்த வடிவில் திருத்துவது என்பதே அந்த வரலாறு.

வைரமுத்துவின் கட்டுரை பெரும்பாலும் ஆண்டாளின் தமிழைப் போற்றுவது. சர்ச்சை ஒரே ஒரு மேற்கோளால் வந்தது. ஆண்டாள் திருவரங்கக் கோயிலிலேயே வாழ்ந்து அங்கேயே மறைந்த தேவதாசி என்ற கருத்தை, அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக வெளியீட்டில் உள்ளதாக அவர் எடுத்துக்காட்டினார். அந்த வெளியீட்டு விவரமே பிழை. சுபாஷ் சந்திர மாலிக் பதிப்பித்த அந்தக் கட்டுரைத் தொகுப்பை 1978இல் வெளியிட்டது சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம். அதில் இந்தக் கருத்து இடம்பெற்ற, தென்னிந்திய பக்தி இயக்கம் பற்றிய கட்டுரையை எழுதியவர்கள் கேரள வரலாற்றறிஞர்கள் எம்.ஜி.எஸ். நாராயணனும் கேசவன் வெளுத்தாட்டும். மின்னுருவாக்கப்பட்ட பழைய நூல்களில் பிரதியைக் கொடுத்த நூலகத்தின் பெயரும் பதிந்திருக்கும். இந்தியானா என்ற பெயர் அந்த வழியில் நுழைந்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இதைச் சிறு பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. கொதித்தெழுந்த பக்தர்களும் ஆதரித்து நின்றவர்களும் ஒருங்கே ‘அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வு’ பற்றியே பேசினார்கள். கேள்வி கேட்கப்பட வேண்டிய முகவரி சிம்லாவில் இருந்தது.

இனி அந்த வரிக்கு வருவோம். பக்தி இயக்கத்தைக் கோயில், பிராமணக் குடியிருப்பு, நிலவுடைமை ஆகியவற்றின் வளர்ச்சியோடு இணைத்துக் காட்டியது நாராயணன், வெளுத்தாட் கட்டுரையின் பெருமை. பின்வந்த ஆய்வுகள் பலவற்றுக்கு அது அடித்தளம். அதை நான் மறுக்கவில்லை. ஆண்டாள் பற்றிய கூற்றை மட்டும் மறுக்கிறேன்.

முதற்சான்று ஆண்டாளின் பாசுரங்களே. திருப்பாவையின் இறுதியிலும், நாச்சியார் திருமொழியின் பதிகங்களை முடிக்கும் பாட்டுகளிலும் தன்னை வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரான் விட்டுசித்தனாகிய பெரியாழ்வாரோடு சேர்த்தே அடையாளம் காட்டுகிறாள் கோதை. திருவரங்கத்துக்கு ஒரு பதிகம் உண்டு. மதுரைக்கு அருகிலுள்ள திருமாலிருஞ்சோலைக்கும் ஒரு பதிகம் உண்டு. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக நேர்ந்துகொள்வது மாலிருஞ்சோலை அழகருக்குத்தான். பாசுரங்களின் நிலம் பாண்டிநாட்டில் வேர்கொண்டிருக்கிறது.

ஆண்டாளைத் திருவரங்கத்தோடு பிணைக்கும் அடுத்த சான்று, பல நூற்றாண்டு பிந்திய குருபரம்பரை மரபு. பெரியாழ்வார் மகளைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றதையும் அவள் பெருமாளோடு கலந்ததையும் அது சொல்கிறது. அங்கே அவள் வாழ்ந்ததாகச் சொல்லவில்லை. கலந்ததை ‘மறைந்தாள்’ என்று வாசிக்க ஒரு வரலாற்றாசிரியருக்கு உரிமை உண்டு. ‘வாழ்ந்தாள்’ என்பதற்கு அந்த மரபிலும் இடமில்லை. ‘கோயிற்பெண்’ என்பதற்குச் சிறிதும் இல்லை. மணமகளாகக் கோயிலுக்குள் சென்ற கதையைக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட வழக்கத்தின் மறைவடிவமாகக் கொண்டே இந்தக் கூற்று பிறந்திருக்க வேண்டும். அது கருதுகோள். கருதுகோளுக்குரிய தயக்கம் அதன் நடையில் இருந்திருக்க வேண்டும். செய்தி சொல்லும் உறுதியோடு எழுதப்பட்டதே குறை.

கோயிற்பெண்டிர் பற்றிய ஆவணம் எப்படி இருக்கும் என்பதைத் தஞ்சைப் பெரியகோயில் காட்டுகிறது. முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த தளிச்சேரிக் கல்வெட்டு, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 பெண்களைப் பதிகிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாம் வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், ‘நக்கன்’ என்ற முன்னொட்டோடு அவள் பெயர் என்று வரிசையாகச் செல்கிறது. ஒருத்திக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். ஆண்டாளுக்கு இப்படி ஏதுமில்லை. கல்வெட்டு இல்லாமையால் நான் எதையும் நிறுவ முயலவில்லை. திருவரங்கத்துக் கல்வெட்டுகள் பெரும்பாலும் பத்தாம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. ஆண்டாள் அதற்கு முந்தியவள். ஆனால் இந்த இன்மை மறுப்பவரைக் கட்டுப்படுத்துவதுபோல உறுதியாகச் சொல்பவரையும் கட்டுப்படுத்த வேண்டும் அல்லவா?

எவ்வளவு முந்தியவள் என்பதும் முடிந்த செய்தி அல்ல. வெள்ளி எழ வியாழம் மறைந்ததாகத் திருப்பாவை சொல்வதை வானியல் குறிப்பாகக் கொண்டு மு. இராகவையங்கார் கி.பி. 731 என்றார். அந்தக் கோள்நிலை வேறு ஆண்டுகளுக்கும் பொருந்தும். பெரியாழ்வார் பாடும் நெடுமாறனை ஒன்பதாம் நூற்றாண்டின் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனாகக் கொள்வோர் ஆண்டாளையும் அக்காலத்துக்கே கொண்டுவருவர். நான் பின்னதன் பக்கம் சாய்கிறேன், தீர்ந்ததென்று சொல்லமாட்டேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த வரியை மறுக்கத் ‘தேவதாசி என்பது இழிசொல்’ என்ற வாதம் தேவையில்லை, அது தவறும்கூட. சோழர் காலத் தேவரடியார் கோயிலுக்குக் கொடையளித்தவர்கள், கல்வெட்டில் தம் பெயர் பொறித்தவர்கள் என்பதை லெஸ்லி ஓர் தம் 2000ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். மறுப்பு சான்றின்மையில் நிற்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஆய்விதழ் ஆசிரியர்கள் 1997இல் பிரிட்டனில் தொடங்கிய ‘கோப்’ என்னும் பதிப்பு நெறிமுறைக் குழு, 2009இல் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. முடிவுகளே நம்பத்தகாதவை என்றால், பிழை நேர்மையாக நேர்ந்ததாயினும், கட்டுரை திரும்பப் பெறப்படும். நம்பகமான கட்டுரையின் ஒரு சிறு பகுதி மட்டும் தவறான எண்ணம் தருமானால் திருத்தம் வெளியிடப்படும். எந்த அறிவிப்பானாலும் மூலக் கட்டுரையோடு இணைந்து நிற்க வேண்டும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டு லான்செட் கட்டுரை திரும்பப் பெறப்பட 2010 வரை ஆயிற்று என்பதையும் மறக்கக் கூடாது. நெறி இருப்பது வேறு, நடப்பது வேறு. இந்த அளவுகோலில் நாராயணன், வெளுத்தாட் கட்டுரை திரும்பப் பெறத்தக்கதன்று. ஒரு திருத்தக் குறிப்பு போதும்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதியதுமல்ல. ‘எபிகிராபியா இண்டிகா’ தொகுதிகளில் சேர்க்கைகளுக்கும் திருத்தங்களுக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. பாடம் பிழையாக வாசிக்கப்பட்டிருந்தால் பின்னர் அங்கே நேராக்குவார்கள். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. தொடர்ந்து வருவதால் பருவ இதழுக்கு இது இயல்கிறது. ஒற்றை நூலாக வரும் கட்டுரைத் தொகுப்புக்கு அடுத்த இதழ் என்பதில்லை. அந்த வரி நாற்பது ஆண்டுகள் கேள்வியின்றி நின்றதற்கு இதை முதன்மைக் காரணமாகக் கருதுகிறேன்.

2018இல் நடந்தது திருத்தம் அன்று. தினமணி வருத்தம் தெரிவித்தது. வைரமுத்துவும் வருத்தம் தெரிவித்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். தினமணி ஆசிரியர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே சென்று ஆண்டாள் சன்னிதியில் மன்னிப்புக் கேட்டார். காவல் நிலைய வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றம் வரை போயின. புண்பட்ட மனங்களுக்கு மன்னிப்பு மருந்தாகலாம். அதைக் கேட்டவர்களைக் குறைகூற மாட்டேன். ஆனால் மேற்கோள் காட்டியவர்மேல் விழுந்த சுமை மூலத்தைத் தொடவே இல்லை. 1978ஆம் ஆண்டுப் பக்கத்தைத் திறக்கும் மாணவருக்கு மன்னிப்பு எதையும் சொல்லாது. பக்கத்தோடு ஒட்டிய குறிப்புதான் சொல்லும்.

எம்.ஜி.எஸ். நாராயணன் 2025 ஏப்ரலில் காலமானார். நூலை வெளியிட்ட நிறுவனம் சிம்லாவில் இயங்குகிறது. ‘சம்மர்ஹில்’ என்ற இதழையும் நடத்துகிறது. அந்த இதழில் ஒரு பத்தி அளவில் திருத்தக் குறிப்பை வெளியிட்டு, நூலின் மின்படியிலும் அதை இணைக்குமாறு அந்நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ஆண்டாள் பற்றி எழுதவிருக்கும் மாணவர்கள் அதுவரை அந்த வரியைக் கருதுகோள் என்றே குறிப்பிட வேண்டும். வெளியீட்டிடம் சிம்லா, ஆண்டு 1978 என்று சரியாகத் தரவும் வேண்டும்.