மர விளக்கு ஏன் மண்ணைத் தொடக் கூடாது?

இந்த எபிசோட் ஜப்பான் தோட்ட விளக்கைப் பத்தி. அங்க 'தோரோ'ன்னு சொல்வாங்க. படங்கள்ல கல் விளக்குதான் பார்த்திருப்பீங்க. நான் ப்ராஜெக்ட் வேலையா ஒசாகாவில் தங்கியிருந்தப்போ, வீட்டுக்காரர் தோட்டத்தில் இருந்தது மர விளக்கு. மழைக்காலம் முடிஞ்ச ஒரு ஞாயித்துக்கிழமை பார்த்தா சாஞ்சு நிக்குது. கால் அழுகிப்போச்சு. அவருக்கு வயசு 76. "கொஞ்சம் பிடிச்சுக்கிறியா?"ன்னு கூப்பிட்டார்.

முதல்ல வரலாறு. இந்த விளக்கு சீனா, கொரியா வழியா பௌத்தத்தோட ஜப்பானுக்கு வந்தது. ஆரம்பத்தில் இது தோட்ட அலங்காரம் இல்லை, புத்தர் சன்னதிக்கு முன்னாடி ஏத்துற தீபம். நாராவில் தோடாய்ஜி கோயில் முன்னாடி எட்டுப் பட்டை வெண்கல விளக்கு ஒண்ணு 8ஆம் நூற்றாண்டிலிருந்து நிக்குது. அதுக்குப் பின்னாடி இருந்த மர மண்டபம் 1180லயும் 1567லயும் எரிஞ்சுபோச்சு. இப்ப இருக்கிற மண்டபம் 1709ல கட்டி முடிச்சது. கல்லும் வெண்கலமும் தங்கும், மரம் தங்காது. பழைய மர விளக்குகள் நமக்கு அதிகம் கிடைக்காததுக்குக் காரணம் இதுதான்.

தோட்டத்துக்குள்ள விளக்கைக் கொண்டுவந்தவங்க 16ஆம் நூற்றாண்டு தேநீர் ஆசான்கள். சென் நோ ரிக்யூ (1522–1591) காலம். சாயங்காலம் தேநீர் குடிலுக்கு வர்ற விருந்தாளிக்குப் பாதை தெரியணும், அவ்வளவுதான் தேவை. அப்புறம் ஃபுருதா ஒரிபே பேர்ல ஒரு வகை வந்தது. அதுக்கு அடிப்பீடமே கிடையாது, கல் தூணை நேரா மண்ணுல நட்டுருவாங்க.

வீட்டுக்காரரோட அப்பா மர விளக்கையும் அதே மாதிரி நட்டிருக்கார். கல்லுக்கு அது சரி. மரத்தோட வெட்டு முகம் ஈரத்தை உறிஞ்சுக்கிட்டே இருக்கும்.

"கல்லுல ஒண்ணு வாங்கி வெச்சுட்டா வேலை முடிஞ்சுதே?"ன்னு கேட்டேன். "மேல் பாதி நல்லாத்தானே இருக்கு, அது அப்பா செஞ்சது"ன்னார்.

அழுகின அடியை மட்டும் அறுத்து, புது மரத்தை ஒட்டுப்போட்டார். இதுக்கு 'நெட்சுகி'ன்னு பேர். கோயில் தூண்களுக்கும் இதே வைத்தியம்தான். குழி வெட்டி, ஜல்லி கொட்டி இடிச்சு, தட்டையான கல்லை மண் மட்டத்துக்கு மேல தெரியற மாதிரி வெச்சு, அது மேல காலை நிறுத்தினோம். கல் மேல தூண் நிறுத்துற இந்த முறையும் பௌத்தக் கோயில்களோட வந்ததுதான்.

இதுக்கு நேர் எதிர் இசே கோயில். அங்க இன்னைக்கும் தூண்களை மண்ணுலதான் நடுறாங்க. அதனால 20 வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா புதுசா கட்டுறாங்க. முதல் தடவை 690ல, 62ஆவது தடவை 2013ல. நடுவுல போர்க்காலத்துல நூறு வருஷத்துக்கு மேல நின்னும் போயிருக்கு. மரத்தைக் காப்பாத்துறது மரம் இல்லை, அடுத்த தடவை செய்யத் தெரிஞ்ச ஆள்தான்.

ஒட்டுப்போடும்போது அவர் என் போனைக் காட்டி, "வீடியோ எடு, பேரனுக்கு அனுப்பணும். அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன்"ன்னு சாதாரணமா சொன்னார். நாற்பது நிமிஷம் எடுத்தேன். பேரன் பார்த்தானான்னு தெரியாது. நான் மூணு தடவை பார்த்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.