சானடோரியம் நிலையத்தைக் கடக்கும்போது



மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியம் நிலையத்தை நாள்தோறும் கடக்கிறோம். அந்தப் பெயரில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

காசநோயைத் தீர்க்கும் மருந்து இல்லாத காலம் அது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு, இவைதான் சிகிச்சை. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே சானடோரியத்தைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஊர் பயந்து ஒதுக்கிய நோயாளிகளுக்கு அங்கே படுக்கை கிடைத்தது.

பிறகு வேறொரு பயம் வந்தது. 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தார்கள். தொற்று உள்ளவர் என்று தெரிந்ததும் பல மருத்துவமனைகள் கதவை மூடின. பிரசவத்துக்கு வந்த பெண்களும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அப்படி மறுக்கப்பட்டவர்களை 1993 முதல் தாம்பரம் ஏற்றது. ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். 2004-இல் அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியபோது, முதல் மையங்களுள் தாம்பரமும் ஒன்று.

இங்கே ஒருவர் நம்மைக் கேட்கலாம்: "சாமி, கத்தோலிக்க டாக்டர்களும் நர்சுகளும் கருக்கலைப்புக்கு மறுக்கிறார்களே, அது மட்டும் சரியா?" நியாயமான கேள்வி. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் சில நிலைகளில் கருக்கலைப்பை அனுமதித்தது. அதில் பங்கெடுக்க மறுப்பது மனச்சான்றின் உரிமை என்று 1995-இல் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வலியுறுத்தினார்.

ஆனால் இரண்டு மறுப்புகளும் ஒன்றல்ல. மனச்சான்று மறுப்பது ஒரு செயலை. பயம் மறுத்தது ஓர் ஆளை. மனச்சான்றுக்காக மறுப்பவர் அதற்கான விலையைத் தாமே கொடுக்கிறார்: பதவி உயர்வு போகலாம், மேலதிகாரியின் கோபம் வரலாம். பயத்தால் மறுத்தபோது விலை கொடுத்தவர் நோயாளி.

ஆகவே நம் நர்சுகளுக்கு ஒன்று சொல்வோம். கருக்கலைப்பில் உதவ நீங்கள் மறுக்கலாம். ஆனால் அதே பெண் இரத்தப்போக்கோடு உங்கள் வார்டுக்கு வந்தால், அவர் உங்கள் நோயாளி. முகம் சுளிக்காமல், கேள்வி கேட்காமல் கவனியுங்கள். உயிருக்குப் போராடுபவரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. சட்டம் இவ்வளவு தாமதமாகச் சொன்னதை, தொழுநோயாளியைக் கைநீட்டித் தொட்ட ஆண்டவர் முன்பே செய்துகாட்டினார்.

எரிகோ சாலையில் விலகிப்போன குருவும் லேவியரும் தங்களுக்குள் ஒரு நல்ல காரணம் சொல்லியிருக்கக்கூடும். குருக்களாகிய நாங்களும் அந்த உவமையை வாசிக்கையில் தலைகுனிகிறோம். அடுத்த முறை ரயில் சானடோரியத்தில் நிற்கும்போது நம்மையே கேட்போம்: நாம் மறுப்பது தீமையையா, மனிதரையா?

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.