தாரை நின்ற இடம்: கீழ்க்கரைத் தொல்பொருள்களும் ஒரு நூதனசாலையின் அவசியமும்

இலண்டனில் பிரித்தானிய நூதனசாலையில் நிற்கும் தாராதேவியின் பிரதிமை, திருக்கோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் கண்டெடுக்கப்பட்டது என்பதற்கு மேல் அதன் பூர்வீகத்தைப் பற்றி உறுதியாக அறியப்பட்டது யாதுமில்லை. அவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வழியில், கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, வயல் சூழ்ந்த கிளிவெட்டியிலிருந்து எழுதும் எனக்கு அந்த ‘எங்கோ’ என்னும் சொல்லே இவ்வாராய்ச்சியின் தொடக்கமாயிற்று.

ஏறத்தாழ 143 சென்ரிமீற்றர் உயரமுள்ள அப்பிரதிமை, எட்டாம் நூற்றாண்டளவில் கெட்டியாக வார்க்கப்பட்டுப் பொன்முலாம் பூசப்பெற்றது. வலக்கை வரதமாகத் தாழ்ந்திருக்கிறது. இடக்கை பற்றியிருந்த பொருள் இன்றில்லை. உயர்ந்த முடியில் அணி பதித்திருந்த குழியும் வெறுமையாகவே உள்ளது. 1812 முதல் 1820 வரை இலங்கைத் தேசாதிபதியாயிருந்து, 1815இல் கண்டியைக் கைப்பற்றிய ரொபேட் பிரவுண்றிக், 1830இல் இதனை அந்நூதனசாலைக்கு வழங்கினார். சிற்பம் பிழைத்தது; அது நின்ற ஆலயம், அதனோடு கிடந்த பிற பொருள்கள், அதனை வழிபட்டோர் இன்னார் என்னும் சரித்திரம் ஆகிய அனைத்தும் அழிந்தன. இவ்வழிவையே நான் பெருநட்டமெனக் கருதுகிறேன்.

தம் சிற்பங்களைத் திரும்பக் கேட்கும் கிரேக்கரின் வழக்கு இதனினும் தெளிவானது. எல்ஜின் பிரபு ஏதென்சின் பார்த்தினன் கோயிலிலிருந்து பெயர்த்துச் சென்ற சலவைக்கற் சிற்பங்களைப் பிரித்தானிய அரசு 1816இல் 35,000 பவுணுக்கு வாங்கிற்று. அவற்றைப் பேணத் தகுந்த இடம் அந்நகரில் இல்லையென்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த நியாயத்துக்கு, 2009இல் திறக்கப்பட்ட அக்ரோபொலிசு நூதனசாலை கட்டடத்தாலேயே மறுமொழி கூறிற்று. அதன் மேல்மாடத்தில், பார்த்தினன் நோக்கும் திசையையே நோக்கி, எஞ்சிய மூலச்சிற்பங்களின் இடையிடையே, இலண்டனிலுள்ளவற்றின் சுதைப்பிரதிகள் வெண்மை மாறாது வைக்கப்பட்டுள்ளன. கண்ணாடிச் சுவருக்கப்பால் கோயில் தெரிகிறது. எது எங்கிருந்து போயிற்று என்பதைப் பார்வையாளன் கண்ணாலேயே அறிந்துகொள்கிறான்.

நம்மிடம் அவ்வறிவு உள்ளவிடத்து மீட்பு கைகூடியுள்ளது. 1765இல் கண்டியில் சூறையாடப்பட்டதென நிறுவப்பட்ட லெவ்கே பீரங்கியும் வேறு ஐந்து பொருள்களும் 2023இல் நெதர்லாந்திலிருந்து கொழும்புக்குத் திரும்பின. தாரையோ திரும்பவில்லை, கொழும்பில் அவளுடைய பிரதியொன்றே உண்டு. பிரித்தானிய நூதனசாலை தன் சேகரங்களைக் கைவிடுவதை 1963ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் தடுக்கிறது என்பது மெய். ஆயினும் சட்டம் திருத்தப்படும் நாளில், ‘எங்கே திருப்புவது?’ என்னும் வினாவுக்கு நாம் விடையின்றி நிற்கலாகாது.

திருமேனிகள் அனைத்தும் நூதனசாலைக்கே உரியன என்பது என் கட்சியன்று. 1950இல் திருக்கோணமலையில் கிணறு தோண்டுகையில் வெளிப்பட்ட சோமாஸ்கந்தர் முதலிய வெண்கல மூர்த்தங்கள் கோணேசர் கோயிலில் பூசனை கொள்வதே முறை. அவற்றுக்குக் கோயிலும் அடியாரும் இன்றும் உளர். தாரைக்கு அவ்விரண்டும் இல்லாமையாலேயே நூதனசாலை வேண்டியதாகிறது. அவள் பௌத்த தெய்வமாயிற்றே, தமிழர் ஏன் வாதாடவேண்டும் என்பாருக்கு, இதே மாவட்டத்துத் திரியாயில் மகாயான நெறி போற்றும் சமஸ்கிருதச் சாசனம் பல்லவ கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பதைச் சுட்டுவேன். கடல்வழி வந்த சமயமும் எழுத்தும் கலந்து விளைந்த இக்கரையின் செல்வத்தை இனவாரியாகப் பங்கிடுவது சரித்திரத்துக்கு ஒவ்வாது.

ஆகவே நூதனசாலை திருக்கோணமலையிலேயே எழவேண்டும். தாரைக்கு நேர்ந்த இழப்பு மீண்டும் நேராதிருக்க, கிளிவெட்டியை அடுத்த திருமங்கலாய்க் காட்டில் இடிந்து கிடக்கும் சிவாலயத்தின் ஒவ்வொரு கல்லும் எவ்விடத்தில், எத்திசை நோக்கிக் கிடக்கிறதென்பதை அளந்து வரைந்து பதிவேட்டில் ஏற்றுதல் அதன் முதற்பணியாதல் வேண்டும். அதற்குக் கட்டடம் முடியுமட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.