அளவறிந்த மின்சாரம்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் நம் முன்னோர். மின்சாரத்திற்கும் இது பொருந்தும் என்பதை யாழ்ப்பாணத்தார் துன்பத்தினூடே கற்றனர்.

1990ஆம் ஆண்டிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்விளக்குகள் அணைந்தன. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. செய்தி அறியாது வாழ்தல் அரிதாகவே, நிறுத்தி வைத்த துவிச்சக்கர வண்டியின் மிதியைச் சுழற்றி, தைனமோ தந்த மின்சாரத்தால் மக்கள் வானொலி கேட்டனர். மெல்லச் சுழற்றினால் ஒலி மங்கும். விரைந்து சுழற்றினால் மின்னழுத்தம் ஏறிக் கருவிக்குக் கேடு விளையும். சுழற்றும் கையே அங்கு கட்டுப்பாட்டுக் கருவியாயிற்று.

விஞ்ஞான வரலாறும் இப்பாடத்தையே புகட்டும். இருவேறு உலோகங்களின் சந்தியில் மின்னோட்டம் செல்லுங்கால், அதன் திசைக்கேற்பச் சந்தி குளிர்தலையும் சூடேறுதலையும் 1834இற் பிரான்சு நாட்டுப் பெல்தியே கண்டார். 1838இல் லென்சு என்பார் அத்தகைய சந்தியில் நீர்த்துளியை உறைவித்து, மின்னோட்டத்தைத் திருப்பி அதனையே உருக்கிக் காட்டினார்.

இன்று கணினியைக் குளிர்விக்கும் நீரையும் இம்முறையாற் குளிரூட்டுவோர் உளர். ஆயின் மின்னோட்டம் இருமடங்கானால் குளிரூட்டும் ஆற்றல் இருமடங்காகும். தடையால் எழும் வெப்பமோ நான்கு மடங்காகும். ஓர் எல்லைக்கப்பால் குளிரூட்டியே அடுப்பாகிவிடும். அதற்கு முன்னரே, நீர் பனிபடுநிலைக்குக் கீழே குளிருமாயின், நம் கடற்காற்றின் ஈரம் குழாயில் வியர்த்துக் கணினியைக் கெடுக்கவும் கூடும். ஆதலின் வெப்பநிலை அறிந்து மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் செலுத்தும் கருவி இன்றியமையாதது.

அந்நாளில் மிதி சுழற்றிய சிறுவர் பலர் இன்று கணினிமுன் அமர்ந்துள்ளனர். கட்டுப்பாட்டின் அருமையை அவர்கட்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.