பரண் மேல ஜி.ஐ.ஜோ இருக்கா? அசல் பெயின்ட்டைக் கண்டுபிடிக்க 4 வழிகள்!

விளாச்சேரி கொலு பொம்மைக்கு மறுபடி பெயின்ட் அடிச்சா அழகு கூடும். ஜி.ஐ.ஜோ ராணுவ வீரனுக்கு அடிச்சா, சேகரிப்பாளர்களிடம் மதிப்பு குறையும். அதுக்காக நிறம் மாறியதெல்லாம் போலின்னு ஒதுக்கிடாதீங்க. எம்.ஆர்.எஃப் குழுமத்தின் ஃபன்ஸ்கூல், அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அச்சுகளை வைத்தே இங்கு ஜி.ஐ.ஜோ தயாரித்தது. அங்கே வராத நிறங்களிலும் பல வீரர்கள் இங்கே வந்தார்கள். அவையும் அசல்தான், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் தேடி வாங்குறாங்க.

வாங்கும் முன் இவற்றைக் கவனிங்க...

மூட்டு: முழங்கை, முழங்காலை மடக்கிப் பாருங்க. கம்பெனியில் பெரும்பாலும் பிளாஸ்டிக்கையே தேவையான நிறத்தில் வார்ப்பாங்க. உரசிய இடத்தில் அடியில் வேறு நிறம் தெரிந்தால், பின்னால் யாரோ பெயின்ட் அடிச்சிருக்கலாம்.

முதுகு: ஸ்க்ரூ தலையில் பெயின்ட் அப்பியிருந்தாலும் பெல்ட், பட்டன் கோடுகள் மூழ்கியிருந்தாலும் சந்தேகப்படுங்க.

ஆண்டு: உடம்பில் பொறித்திருப்பது காப்பிரைட் ஆண்டு, தயாரித்த ஆண்டல்ல. மறுவெளியீட்டிலும் அதே ஆண்டு இருக்கலாம். அட்டை இருந்தால் ஒப்பிடுங்க.

இடுப்பு: உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், மதுரை வெயிலில் பரணில் கிடந்தே இற்றுப்போயிருக்கும். புதுசு மாட்டிக்கலாம்.

நீங்களே விற்பவரா? பெயின்ட் அடிச்சிருந்தா மறைக்காம சொல்லிடுங்க.