மாமன்றம் இல்லாத ஆண்டுகள்



1996 அக்டோபரில் சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்தது. அதற்கு முந்தைய மாமன்றம் 1973இல் கலைக்கப்பட்டிருந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகள் ரிப்பன் மாளிகையில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அரசு அனுப்பிய அதிகாரிகளே மாநகரை நடத்தினார்கள். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. அந்த உரிமையோடு சென்னை சந்தித்த முதல் மாமன்றத் தேர்தல் அது. சேரிகளிலிருந்து நம் ஆட்கள் கவுன்சிலர்களாக உள்ளே போனார்கள். போய்ப் பார்த்தால் குடிநீர் அங்கே இல்லை, கழிவுநீர் இல்லை, நகரத் திட்டம் இல்லை, குடிசைப் பிரச்சினையும் இல்லை. எல்லாம் வேறு வேறு கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்திருந்தன. நமக்கு நாற்காலி வந்து சேர்ந்தபோது மேசை போய்விட்டிருந்தது.

அந்த மேசை எப்படிப் போனது, யாரிடம் போனது என்பதைத்தான் இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கப்பட்டது. அதன் நெடிய காலத்தில் மிகப் பெரும்பகுதி வெள்ளையர்களும் உள்ளூர்ச் செல்வந்தர்களும் வைத்துக்கொண்டிருந்த மன்றம் அது. ஆனாலும் அதற்குள் நம் முன்னோர் புகுந்தார்கள். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயரானார். 1945இல் என். சிவராஜ் மேயரானார். குழாய் போடவும் சாக்கடை வெட்டவும் விளக்கேற்றவும் அதிகாரம் மன்றத்திடமே இருந்த காலம் அது. ஒரு சேரிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அதைக் கேட்க ஓர் இடம் இருந்தது. கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தார். கேட்டதெல்லாம் கிடைத்தது என்று நாம் சொல்லவில்லை.

மாநில அரசு தன் கையில் வைத்திருக்கும் அமைப்புகள் 1970இல் தொடங்கி வரிசையாக வந்தன. அந்த ஆண்டு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம். அடுத்த ஆண்டே அதற்கான சட்டம். தமிழில் ‘மாற்று’ என்றார்கள், ஆங்கிலப் பெயரிலோ ‘கிளியரன்ஸ்’ என்று இருந்தது, அதாவது அப்புறப்படுத்தல். இரண்டு பெயர்களும் ஒரே பலகையில் அரை நூற்றாண்டு தொங்கின. 1972இல் தற்காலிக அமைப்பாகப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்; 1975இல் அது சட்டப்பூர்வமானது. 1978இல் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் வந்து, மாநகராட்சியிடமிருந்து அவ்விரு வேலைகளையும் வாங்கிக்கொண்டது. இவற்றுக்கு நடுவில்தான், 1973இல், மஸ்டர் ரோல் ஊழல் புகாரை முன்வைத்து மாமன்றம் கலைக்கப்பட்டது. ஊழலை விசாரித்திருக்கலாம், தண்டித்திருக்கலாம். ஒரு ஊழலுக்காக ஒரு மாநகரத்தின் வாக்குரிமையை 23 ஆண்டுகள் முடக்கி வைத்ததற்கு அந்தப் புகார் விளக்கமாகாது. தி.மு.க., குடியரசுத் தலைவர் ஆட்சி, அ.தி.மு.க. என்று கோட்டையில் ஆள் மாறினாலும், ரிப்பன் மாளிகையைப் பூட்டியே வைப்பதில் மட்டும் ஒற்றுமை இருந்தது.

பெருநகர் வளர்ச்சிக் குழுமம் எப்படி இயங்குகிறது என்று கவனியுங்கள். அதன் தலைவர் மாநில அமைச்சர். அன்றாடப் பொறுப்பு ஐ.ஏ.எஸ். அதிகாரியிடம். உள்ளாட்சிகளின் சார்பில் அமர்பவர்களையும் அரசே நியமிக்கிறது. எந்த நிலம் குடியிருப்பு, எது தொழிற்பகுதி, சாலை எங்கே போகும் என்பதை இந்த அமைப்பு முடிவு செய்கிறது. மாநகராட்சியும் சுற்றியுள்ள நகராட்சிகளும் ஊராட்சிகளும் அந்த வரைபடத்துக்குள் அடங்கி நடக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 243 இசட்.ஈ. பிரிவு சொல்வதோ வேறு. பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத உறுப்பினர்களை, நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அது. சட்டப் புத்தகத்தில் அந்தக் குழு இருக்கிறது. 2008இல் வந்த இரண்டாம் முழுமைத் திட்டத்தைத் தயாரித்தது குழுமம்தான்.

வாரியங்கள் எல்லாமே நமக்கு எதிராகவே பிறந்தவை என்று பேசுவது எளிது, உண்மையாகாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியில் வாழ்பவரை உரிய அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி வெளியேற்றக் கூடாது என்றது. சென்னையில் 1,202 பகுதிகள் அப்போது கணக்கில் வந்தன. வசித்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. உலக வங்கிக் கடனில் 1977இல் தொடங்கிய நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் குடிசைகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்தி மனையுரிமை வழங்கும் வழியையும், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் மனையும் அடிப்படை வசதியும் தரும் வழியையும் கொண்டுவந்தது. அரும்பாக்கத்தில் இன்றும் பேருந்து நடத்துநர் ‘எம்.எம்.டி.ஏ.’ என்று குரல் கொடுக்கிறாரே, அது அந்தக் காலத்தின் மிச்சம்தான். ஆனால் 1985இல் மேலும் 17 பகுதிகளை அறிவித்ததோடு அந்தப் பட்டியல் நின்றுபோனது. நகரம் பெருத்தது, கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசைகள் பெருகின. பட்டியலில் பெயர் இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆனார். பட்டியலை நீட்டு என்று வாரியத்தைக் கேள்வி கேட்கக்கூடிய மாமன்றமும் அந்த நேரத்தில் இல்லை.

இங்கே ஒரு மாணவர் எழுந்து, உள்ளாட்சி என்றால் நமக்கு நல்லது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. கிராமத்தைக் குடியரசின் அடிப்படை அலகாக்க வேண்டும் என்றவர்களை அரசியல் நிர்ணய சபையில் எதிர்த்தவர் அண்ணல் அம்பேத்கர். சாதி இந்துக்களின் ஊர் நமக்குக் குடிமனையும் கிணறும் தராதபோது, 1920களில் சென்னை மாகாண அரசின் லேபர் துறைதான் ஊரை மீறி நிலம் எடுத்து மனை கொடுத்தது, கிணறு வெட்டியது, பள்ளி நடத்தியது. இன்றைய ஆதிதிராவிடர் நலத்துறையின் வேர் அங்கே இருக்கிறது. 1996இல் மாநகரில் நாம் மன்றம் ஏறிய அதே தேர்தலில்தான் மதுரை மாவட்டத்து மேலவளவு ஊராட்சி நமக்கு ஒதுக்கப்பட்டது. தலைவரான முருகேசனும் உடன் இருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 2006 வரை தேர்தலையே நிலைக்கவிடவில்லை. ஊருக்கு மேலே ஓர் அரசு வேண்டும் என்று நம் முன்னோர் கேட்டதில் பிழை கிடையாது. அவர்கள் கேட்டது நம்மைக் காக்க ஊருக்கு மேலே வரும் அரசு. சென்னையில் வந்ததோ நம்மைத் தூக்கிப்போட ஊருக்கு மேலே வந்த வாரியம்.

2000ஆம் ஆண்டு தொடங்கி அது கண்கூடானது. பழைய மகாபலிபுரம் சாலையோரம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. நீதி கேட்டு நகரை எரித்தவள் பெயர், நகரை விட்டு விரட்டப்பட்டவர்களின் குடியிருப்புக்கு! பின்னர் செம்மஞ்சேரி, அதற்கும் பின்னர் எழில் நகர், பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். பெரும்பாலும் தலித்துகள், மீனவர்களும் சிறுபான்மையினரும் உடன் இருந்தார்கள். ஒக்கியம் துரைப்பாக்கம் அன்று மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஒரு கிராம ஊராட்சி. மாநகராட்சி எல்லைக்குள் குடிசையை இடிக்கிறார்கள், எல்லைக்கு வெளியே வாரியம் வீடு கட்டுகிறது, நிலப்பயன்பாட்டுக்குக் குழுமம் ஒப்புதல் தருகிறது. தெருவிளக்கும் குப்பையும் ஒரு சிற்றூராட்சியின் தலையில். 174 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, 2011இல்தான் கண்ணகி நகர் மாநகருக்குள் வந்தது. அந்த ஆண்டுகளில் சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இருந்தது. இடிக்கப்பட்ட தெருவின் கவுன்சிலருக்கு ஒரு வாக்குவங்கி போனது, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்த இடம் அவர் எல்லையில் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளம் அடுத்த அலையைக் கொண்டுவந்தது. அடையாற்றங்கரை மக்களை வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி, வெள்ளம் சூழ்ந்த பெரும்பாக்கத்துக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். பிறகு கூவக்கரை. பொதுப்பணித் துறை, மாநகராட்சி, குடிசை மாற்று வாரியம், ஆறுகள் சீரமைப்புக்கென அமைந்த அறக்கட்டளை என்று இதில் பல கைகள். ஆண்டுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது பிள்ளைகளைப் பழைய பள்ளியிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி வைக்க முடிவெடுத்தது யார் என்று கேட்டால், ஒவ்வொரு கையும் மற்றதைக் காட்டும். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடத்தவில்லை. இந்தப் பெரும் அப்புறப்படுத்தல்களில் பெரும்பகுதி அந்த ஐந்தரை ஆண்டுகளுக்குள் நடந்தது. 1973ஐப் போலவே மறுபடியும் மன்றம் காலி, வாரியங்கள் மும்முரம். மனு கொடுக்கப் போகிற நம் பெண்கள் இதை நன்றாக அறிவார்கள். தண்ணீருக்கு ஓர் அலுவலகம், பட்டாவுக்கு ஓர் அலுவலகம், லிஃப்ட் நின்றால் இன்னொன்று. வாக்குச் சீட்டால் அசைக்கக்கூடிய நாற்காலி மட்டும் எந்த அலுவலகத்திலும் இருக்காது.

2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. 2022இல் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிந்தது. வரைபடம் ஐந்து மடங்கு ஆனது. அதை வரைகிற குழுமம் மாநில அமைச்சரின் தலைமையில் அப்படியே இருக்கிறது.

அதே 2022இல் சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, ஆர். பிரியா மேயரானார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். நாம் மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். பெரும்பாக்கம் இன்னும் கிராம ஊராட்சி என்பதால் அங்கே குடியமர்த்தப்பட்டவர்கள் 2021 அக்டோபரில் ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்திருந்தார்கள். அந்த மேயரைத் தேர்ந்தெடுத்த மாமன்றத்தில் அவர்களுக்கு வார்டு இல்லை.